4417-ஆம் உறை

எந்தக் கதவையும் தட்டாமல் திறந்து நுழைகிற மனிதன் அவன். அவனை ஒரு சின்ன சிவப்பு பல்புதான் வெளியே நிறுத்தி வைத்தது. எக்ஸ்ரே அறைக் கதவுக்கு மேலே அது எரிந்தால் உள்ளே நோயாளியும் படம் எடுப்பவளும் மட்டும்தான் இருக்கலாம். டாக்டரே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். புருஷன் எந்த மூலைக்கு.

படம் எடுப்பவளுக்கு வீட்டில் பெரியவள் என்று பெயர். அம்மா அப்படிக் கூப்பிட்டே பழக்கிவிட்டாள். தங்கை சின்னவள். பெரியவளுக்கு நாற்பத்தொன்று ஆகிறது, கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். எலும்பைப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்லுவாள். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

அன்று காலை மேசைக்கு வந்த மூன்றாவது சீட்டில் தங்கையின் பெயர் இருந்தது. வயது, தங்கையின் வயது. "இடது முன்கை. குளியலறையில் வழுக்கி விழுந்தது" என்று டாக்டர் கிறுக்கியிருந்தார். கதவிடுக்கு வழியாக நடையைப் பார்த்தாள். பெஞ்சில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன், ஒரு கையில் அவளுடைய பை, மறு கையில் தண்ணீர் பாட்டில். மூடியைத் திறந்து அவள் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தான்.

"என்னமா பாத்துக்கறாரு பாருங்க மேடம். தங்கமான மனுஷன்," என்றார் அட்டெண்டர். அவரை ஆஸ்பத்திரி முழுக்க மைக்செட் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. கையில் எந்தக் காகிதம் வந்தாலும் உரக்கப் படித்துவிடுவார். மூலம் என்று சீட்டில் எழுதியிருந்தால் அது மூன்று மாடிக்கும் கேட்கும். தங்கமான மனுஷன் என்று அவர் சொன்னதும் நடையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஊருக்கு வெளிப்பூச்சு போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே இந்த மிஷினையே கண்டுபிடித்தார்கள்.

பெரியவள் முகமூடியை ஏற்றிக்கொண்டாள். தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்களே கூப்பிடுங்கண்ணா, எனக்குத் தொண்டை சரியில்ல," என்றாள். அவள் குரல் அவனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

தெரியும்படி ஒருநாள் கத்தியிருந்தாள். இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு முன், தங்கையின் கழுத்தில் விரல் தடங்களைப் பார்த்துவிட்டு, ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் இறங்கி, தெருவே கூடும்படி கத்தி, சின்னவளையும் இடுப்புக் குழந்தையையும் இழுத்துக்கொண்டு வந்தாள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்த வேலை. நாலு நாள் தங்கை அவள் பக்கத்தில் படுத்திருந்தாள், சின்ன வயதில் போலவே காலைத் தூக்கி அக்கா மேல் போட்டுக்கொண்டு. ஐந்தாம் நாள் அவன் வந்தான். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மாப்பிள்ளை அழுது அம்மா எங்கே பார்த்திருக்கிறாள், மெழுகாக உருகிவிட்டாள். சின்னவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

அப்போது பெரியவள் வாசலில் நின்று சொன்னாள்: "போ. போனா இனிமே எங்கிட்ட பேசாத. உனக்கும் எனக்கும் காய்."

முப்பத்தொன்பது வயதுப் பெண் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் அக்கா தங்கைக்குள் அதைவிடக் கடுமையான வார்த்தை இருந்ததில்லை. சின்ன வயதில் சண்டை வந்தால் சுண்டுவிரலை நீட்டுவார்கள், அது காய். காய் விட்டால் பேச்சு கிடையாது, பக்கத்தில் படுக்கை கிடையாது. சமாதானம் ஆக வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்ட வேண்டும். அது பழம். எதிராளியும் அப்படியே நீட்டி விரலோடு விரல் தொட்டால்தான் சமாதானம் செல்லும். பெரும்பாலும் சின்னவள்தான் முதலில் பழம் விடுவாள். அரை மணி நேரம் கூடத் தாங்க மாட்டாள்.

அதற்குப் பிறகு அவன் வீட்டை மாற்றினான், நம்பரை மாற்றினான். மாதம் ஒருமுறை அம்மாவுக்கு அவனே போன் போடுவான். ஸ்பீக்கரில் சின்னவள், "நல்லா இருக்கேம்மா," என்பாள். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்காகப் பெரியவள் சமையலறைக் கதவோரம் மூச்சுக் காட்டாமல் நிற்பாள். இரவு படுக்கையில் அவள் கை தானாக இடது பக்கம் போகும். அங்கே தலையணை இருக்கும். சொன்ன வார்த்தையை விழுங்க முடியுமானால் கல்லைக் கரைத்துக் குடிப்பதற்கும் அவள் தயார்.

"அடுத்தது!" என்று மைக்செட் பெயரைக் கூப்பிட்டார். சின்னவள் உள்ளே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது, விளக்கு எரிந்தது.

பெரியவள் முகமூடியைக் கீழே இழுத்தாள்.

சின்னவள் அதிரவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு சொன்னாள்: "கத்தாதக்கா."

"கத்தல," என்றாள் பெரியவள். "கையை இங்க வை. இப்படி. வலிக்குதா?"

"ம்."

"எப்படி ஆச்சு?"

"சீட்டுல எழுதியிருக்குல்ல."

பெரியவள் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். பக்கத்து இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தாள். வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டுப் பக்கம் உடையும். இந்தப் படத்தில் மணிக்கட்டு பழுதில்லாமல் இருந்தது. முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் குறுக்கே உடைந்திருந்தது. முகத்துக்கு நேரே வருகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் அந்த இடம்தான் உடையும். பதினெட்டு வருடத்தில் இப்படி எத்தனை கைகளைப் பார்த்திருக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஒவ்வொன்றையும் உறையில் போட்டு டாக்டருக்கு அனுப்பிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டிருக்கிறாள். அது நினைவுக்கு வந்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"வழுக்கி விழுந்தா இப்படி உடையாதுடி," என்றாள்.

சின்னவள் படத்தைப் பார்த்தாள். தன் எலும்பையே சாட்சிக் கூண்டில் பார்ப்பது அவளுக்குப் புதிது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாப்பா பாத்துட்டு இருந்துச்சுக்கா," என்றாள்.

இப்போதே பின் வாசல் வழியாக இழுத்துக்கொண்டு ஓடலாம் என்று பெரியவளின் காலெல்லாம் துடித்தது. பாப்பா ஸ்கூலில். ஓடினால் பாப்பா? அன்றைக்கு ஆட்டோவில் போனபோது யோசிக்காததெல்லாம் இன்று வரிசை கட்டி வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் என்ன செய்யணும்?"

அப்படி ஒரு கேள்வியை அக்கா வாயிலிருந்து சின்னவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. உதடு லேசாகக் கோணியது. "தெரியலக்கா. அடுத்த வாரம் மறுபடியும் படம் எடுக்க வரச் சொல்வாங்களா?"

"வரச் சொல்ல வைக்கிறேன்."

கதவு இடிபட்டது. "ஒரு கைக்கு எவ்வளவு நேரங்க?" என்ற அவன் குரல், மரியாதையாக. உடனே மைக்செட்டின் குரல்: "லைட்டு எரியுதுல்ல சார்? உங்க உடம்புக்குத்தான் கெடுதல். தள்ளி நில்லுங்க." தங்கமான மனுஷன் தள்ளி நின்றான்.

ஆஸ்பத்திரியில் பதினாலாம் நம்பர் அறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, வேண்டுமென்றேதான். அங்கே இருப்பது ஒரு ஆலோசகர். பெரியவளைவிடப் பதினைந்து வயது இளையவள், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்பவள். பெரியவள் அவளிடம் போய் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில், "இந்த வாரமே கூட்டிட்டு வந்துடலாம்ல?" என்றாள்.

"அவங்க வரேன்னு சொன்னாங்களா?"

"இல்ல. ஆனா..."

"அப்ப இல்ல," என்றாள் பதினாலாம் நம்பர். "கிளம்புற நேரத்துலதான் ஆபத்து அதிகம். அவன் எப்ப வீட்ல இருப்பான், எப்பக் கை ஓங்குவான்னு நம்மைவிட அவங்களுக்குத்தான் தெரியும். உயிரோட இவ்வளவு நாள் சமாளிச்சவங்க அவங்கதானே. அடுத்த தடவை நான் பக்கத்து இருட்டறையில இருக்கேன். அவங்க சரின்னா வருவேன். வேணாம்னா சத்தமில்லாமப் போயிடுவேன்."

அடுத்த வாரம் சின்னவள் சரி என்றாள். மிஷினை இயக்காமலே பெரியவள் கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கை மட்டும் போட்டாள். எக்ஸ்ரே கதிரை வீணாக விட அவளுக்கு மனசு வராது, அதுவும் தங்கையின் உடம்பில். மூன்று பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்று, பத்து நிமிடத்தில், தாழ்ந்த குரலில் பேசினார்கள். சண்டை வருகிற மாதிரி இருந்தால் சமையலறைப் பக்கம் போகாமல் வாசல் கதவுள்ள அறைக்கு நகர்ந்துகொள்ள வேண்டும். போனில் எதையும் தேடக்கூடாது, அவன் அதை எடுத்துப் பார்ப்பான். பாப்பாவுக்கு ஒரே ஒரு வேலை: அம்மா "செருப்பு எங்க?" என்று கேட்டால் விளையாட்டு மாதிரி நேரே மாடி வீட்டு டீச்சரிடம் ஓடிவிட வேண்டும். நடுவில் வரக்கூடாது, அம்மாவைக் காப்பாற்றப் பார்க்கக்கூடாது.

"அது ஏற்கெனவே ஓடும்," என்றாள் சின்னவள். "நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒளிஞ்சு விளையாட்டுன்னு நெனைக்குது." சொல்லிவிட்டு, மூக்கால் குர்ரென்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் பெரியவள் இரண்டு வருடம் நாலு மாதம் ஏங்கிக் கிடந்தாள். இப்படி ஒரு இடத்திலா அது வர வேண்டும்.

அப்புறம் சின்னவள் கழுத்திலிருந்து தொங்கிய கைத்தூளிக்குள் விரலை விட்டாள். மாவுக்கட்டுக்கும் துணிக்கும் நடுவிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்று வந்தது. பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ். "பையெல்லாம் பாப்பாரு. இதுக்குள்ள கை விட மாட்டாரு, எனக்கு வலிக்குமாம்," என்றாள். உடைத்த கையை வலிக்காமல் பார்த்துக்கொள்கிறவன். மாவுக்கட்டு அவளுக்கு அலமாரி ஆகிவிட்டது.

அந்தக் காகிதத்தை எங்கே வைப்பது? பெரியவள் யோசிக்கவே இல்லை. இருட்டறைச் சுவர் முழுக்கப் பழைய படங்களின் பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன, பல்லாயிரம் இருக்கும், நம்பர் தெரியாமல் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. சின்னவளின் படம் 4417. அந்த உறைக்குள், உடைந்த எலும்புக்குப் பின்னால், பிறப்புச் சான்றிதழ் போய் உட்கார்ந்தது. மூன்றாம் வாரம் அடையாள அட்டையும், தடுப்பூசி அட்டையும், டாக்டர் எழுதிய குறிப்பின் நகலும், துணியில் சுற்றிய ஒரு சாவியும் போய்ச் சேர்ந்தன. சாவி எதற்கு என்று பெரியவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அப்போது கற்றுக்கொண்டிருந்தாள்.

எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரமே அவள் வீட்டில் புதுப் போர்வை வாங்கி இடது பக்கம் விரித்துவிட்டாள். பாப்பாவுக்கு ஒரு சின்னத் தட்டு, விளிம்பில் மீன் படம் போட்டது. அம்மாவிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. மூன்றாம் முறை விளக்கு எரிந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள்: "எல்லாம் தயாரா இருக்குடி. நேரா நம்ம வீட்டுக்கு வந்துடு."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதினாலாம் நம்பர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவன் முதல்ல எங்க தேடுவான்?" என்றாள்.

பெரியவள் விரித்து வைத்த போர்வையை நினைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்குத்தான் வருவான். அம்மா முன்னாடி உக்காந்து அழுவான். அதனால அங்க வேணாம். பாதுகாப்பான இடம் ஒண்ணு இருக்கு. எங்கன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாதது உங்க முகத்துல வராது."

அவள் முகம் அப்படிப்பட்டதுதான், மனசில் இருப்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும். அவளுக்கு ஆத்திரம் வந்தது. தங்கை வருவதற்காக அவள் ஏங்கியிருக்கிறாள், தங்கை போவதற்கு அவளே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் எங்கே போகிறாள் என்று தெரியாமல். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள்.

"எங்கன்னு உனக்குச் சொல்ல வேணாம்னு நான்தான்க்கா கேட்டேன்," என்றாள் சின்னவள். "போன தடவை உன் கட்டில்ல படுத்திருந்தேன்ல. வாசல்ல அவர் சத்தம் கேட்டதும் கிளம்பிட்டேன். உன் மேல கோவத்துல இல்ல. உன்னையும் எதாவது பண்ணிடுவாருன்னுதான்." பிறகு ஒரு நாளைச் சொன்னாள். "வியாழக்கிழமை. அவர் கடைக்கு அன்னிக்குத்தான் சரக்கு இறங்கும். மதியம் வரைக்கும் நகர முடியாது. பாப்பாவ ஸ்கூல்ல விடற மாதிரி கிளம்பி, ரெண்டு பேரும் அப்படியே..."

பெரியவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது. வாய்ச்சொல்லாக அது வரவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தங்கைக்கு முன்னால் நீட்டினாள். பெரியவள் முதலில் பழம் விடுவது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

சின்னவள் அதைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு இடிபட்டது, இந்த முறை இரண்டு கையாலும். "இன்னும் முடியலையா?" சின்னவள் சட்டென்று முகத்தைத் துடைத்து, தூளியைச் சரிசெய்து, முதுகைக் கூனிக்கொண்டாள். அரை நொடியில் வேறு ஆளாகிவிட்டாள். கதவு திறந்தது, வெளியே போனாள், கதவு சாத்திக்கொண்டது. பெரியவளின் இரண்டு விரலும் அப்படியே காற்றில் நின்றன.

வியாழக்கிழமை காலையிலிருந்து பெரியவள் பதினேழு படம் எடுத்தாள். ஒரு கிழவரின் வலது முழங்காலுக்குப் பதிலாக இடது முழங்காலைப் படுக்க வைத்தாள். "எனக்கு அந்தக் காலு நல்லாத்தான் இருக்கு தாயி," என்றார் அவர். பதினொன்றரைக்கு இருட்டறைக்குப் போய் அடுக்கைப் பார்த்தாள். 4416 இருந்தது. 4418 இருந்தது. நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சாயங்காலம் பதினாலாம் நம்பர் உறையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே படம் மட்டும் இருந்தது.

அன்று மாலையே அவன் பெரியவளின் வீட்டுக்கு வந்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். மீன் படத் தட்டை எடுத்துப் பார்த்தான். "அண்ணி, எங்க வச்சிருக்கீங்க?" என்றான்.

"தெரியாது," என்றாள் பெரியவள். முகத்தை நன்றாகக் காட்டியபடி சொன்னாள். அதில் அவன் ரொம்ப நேரம் தேடினான். ஒன்றும் இல்லை. அவள் வேதனைதான் இருந்தது, அது அவனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

பிறகு அவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அம்மாவும் அழுதாள். பெரியவள் எந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள் என்பதை அம்மா அழுகையோடு அழுகையாகச் சொல்லிவிட்டாள். அவன் அழுகை பாதியில் நின்றது. அதுவரை சிவப்பு பல்புக்கு உள்ளே இருந்தவள் யார் என்று அவனுக்குத் தெரியாது.

அவன் போன பிறகு அம்மா கேட்டாள்: "தெரிஞ்சா எங்கிட்ட மட்டுமாவது சொல்லேன்டி."

"தெரியாதும்மா."

"சத்தியமா?"

"சத்தியமா." இருவரும் விரித்து வைத்த போர்வையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைத் திட்ட வேண்டும் என்று பெரியவளுக்கு இருந்தது. இருக்கிற இடம் தெரியாமல் ஏங்குவதில் அன்று வீட்டில் ஒருத்தியாவது துணைக்கு இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அவன் எக்ஸ்ரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கத்தவில்லை, யாரையும் தொடவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போகிறவர் வருகிறவரெல்லாம் பாவம் என்றார்கள். மைக்செட் மட்டும் சொல்லவில்லை. முதல் நாள் தங்கமான மனுஷன் என்று மூன்று மாடிக்கும் அறிவித்தவர், பெரியவளிடம் வந்து, "அந்தத் தங்கம் மறுபடி வந்திருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நிற்கிறவருக்கும் காது உண்டு.

நாலாவது வாரம், பகல் பன்னிரண்டு மணி. நடையில் கூட்டம். அவன் பெஞ்சில். தபால் கட்டோடு மைக்செட் வந்தார். வெளி ஆஸ்பத்திரிகளிலிருந்து பழைய படம் கேட்டு இப்படித் தினமும் உறைகள் வரும். நம்பரையும் அனுப்பியவரையும் நடையிலிருந்தே அவர் படித்தால், உள்ளே பெரியவள் படத்தைத் தேடி எடுத்து வைப்பாள். இருவருக்கும் காலில் ஒரு நடை மிச்சம். அவள் இங்கே வந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம்.

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு!" என்று படித்தார் மைக்செட். "பழைய படத்தோட ஒப்பிட்டுப் பாக்கணுமாம். புதுப் படமும் வச்சிருக்காங்க. அனுப்பினது..."

பெரியவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதிரைத் தடுக்கிற காரீய அங்கியோடு கதவில் நின்றாள். மைக்செட் அடுத்த வார்த்தைக்காக நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துவிட்டார். பெஞ்சில் அவன் தலை நிமிர்ந்தான். ஓடிப்போய்ப் பிடுங்கினால் அவனுக்குப் புரிந்துவிடும். கத்தினாலும் புரிந்துவிடும்.

"மூச்சை நிறுத்துங்க," என்றாள்.

ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சுக்கூட்டுக்குச் சொல்கிற அதே குரலில், அதே இழுப்பில். முப்பது வருடமாக அந்தக் கதவுக்கு வெளியே அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய மனிதர், திறந்த வாயோடு அப்படியே நின்றார். அவள் கண்ணைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். கன்னம் உப்பியது. உறையின் மேல் ஓரத்தை அவருடைய கட்டைவிரல் மெல்ல மூடியது.

"என்ன அண்ணி அது?" என்றான் அவன், எழுந்தபடி.

"பழைய படம் கேட்டு வந்த சீட்டு. தினம் பத்து வரும்," என்றாள் பெரியவள். உண்மைதானே. அவள் முகத்தில் உண்மைதான் இருந்தது. நம்பர் எழுதிய சீட்டை அவன் முதல் நாளே கசக்கி எறிந்திருந்தான். பெண்டாட்டி கை எந்த நம்பரில் உடைந்தது என்று அவன் எதற்குப் பார்க்கப் போகிறான். திரும்ப உட்கார்ந்தான்.

இருட்டறையில் மைக்செட் மூச்சு விட்டார். ஆஸ்பத்திரி வரலாற்றில் முதல் முறையாகக் கிசுகிசுத்தார்: "மேடம், ஊர் பேரு இருக்கு. பாக்கறீங்களா?"

உறை அவள் முன்னால் இருந்தது. அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வரி. அந்த வரி தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடலாம். தூரத்திலிருந்தாவது பார்க்கலாம். பாப்பாவுக்கு மீன் தட்டைக் கொடுத்துவிட்டு வரலாம். ஒரே ஒரு வரி. பார்க்க வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இன்று சாயங்காலம் அவள் அவன் முன்னால் நடந்து போக வேண்டும், நாளையும், அதற்கு மறுநாளும், இந்த முகத்தை வைத்துக்கொண்டு.

"வேணாம்ணா. உறை மேல ஒட்டியிருக்கிற சீட்டக் கிழிச்சு நீங்களே வச்சுக்கோங்க. பழைய படத்த நீங்களே அனுப்பிடுங்க. பதினாலாம் நம்பர்ல சொல்லுங்க, இனிமே இப்படி நேரா வரக்கூடாதுன்னு. எனக்குப் புதுப் படத்த மட்டும் காட்டுங்க."

அவர் சீட்டைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே போனார். பெரியவள் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள்.

எலும்பு கூடியிருந்தது. உடைந்த இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வெள்ளையாகப் புது எலும்பு திரண்டிருந்தது. ஆறு வாரத்துக்கு நல்ல வளர்ச்சி. நன்றாகச் சாப்பிடுகிறாள், பயமில்லாமல் தூங்குகிறாள் என்று அவளாக எண்ணிக்கொண்டாள். எக்ஸ்ரேயில் அதெல்லாம் தெரியாது.

அப்புறம்தான் மேலே பார்த்தாள். முன்கைக்குப் படம் எடுத்தால் மணிக்கட்டோடு நிறுத்துவார்கள். விரல் வரை யாரும் எடுப்பதில்லை. இதில் எடுத்திருந்தார்கள், யாரோ கேட்டுக்கொண்டதால். கட்டைவிரல் மடங்கியிருந்தது. மோதிர விரல் மடங்கியிருந்தது. சுண்டுவிரல் உள்ளே நன்றாக மடங்கியிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ஆடாமல் அசையாமல், நேராக நீண்டிருந்தன. எலும்பாக இருந்தாலும் அந்தக் குட்டை விரல்களை அவளுக்குத் தெரியாதா.

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மூன்று மாடிக்கும் கேட்கும்படி. வெளியே பெஞ்சில் அவன் இருந்தான். அவள் கத்தவில்லை. தன் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி, வெளிச்சத்தில் இருந்த இரண்டு விரலின் நுனியில் வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

"பழம்டி," என்றாள்.